பதினேழாவது கடனின் எடை

ஒரு நாட்டின் பெருமையை அதன் வரலாற்றிலும் மலைகளிலும் தேடுபவர்கள் விவரம் தெரியாதவர்கள். அந்த நாட்டை நம்பி வெளியே எத்தனை பேர் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில், நான் வேலை பார்க்கும் தீவு நாடு உலகத்தின் முன்வரிசையில் நிற்கிறது.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கடன் கொடுத்தவர்கள் டெல்லி ஜனக்புரியில் என் வீட்டுக் கதவையும் தட்டக்கூடும். வசந்த் விஹாரில் ஒரு வாடகை பங்களாவின் மாடியில் அதன் தூதரகம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக நான் அங்கே குமாஸ்தா. உள்ளூர் ஆட்கள் இரண்டே பேர்: நானும், தபால் பார்க்கும் கவிதாவும்.

எங்கள் தூதர் ஒரு மேதை. 'கடன்' என்ற சொல்லையே தடை செய்து சுற்றறிக்கை விட்டார். இனி அது 'வெளிநாட்டு நம்பிக்கை'. முதல் நம்பிக்கையில் துறைமுகம் கட்டினோம். தவணை தவறியதும் அதைத் தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு 'நட்பு நாட்டிடம்' ஒப்படைத்தோம். அடுத்து மின்சார நிலையம் போனது. அதற்கடுத்து விமானக் கம்பெனி. இப்படிப் பராமரிக்கும் தொல்லை ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலுவலகத்துக்கு ஒரு நாள் விடுமுறை, ஆளுக்கு அரை கிலோ சோன் பாப்டி.

எங்கள் தீவு நாட்டுப் பணத்தின் மதிப்பு பாதியாகச் சரிந்த அன்று பயந்துபோய் அவர் அறைக்கு ஓடினேன். டாலரில் வாங்கியது இப்போது இரண்டு மடங்காகிவிட்டதே என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஒரு காசுகூடப் புதிதாக வாங்காமலே நம்பிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது, இதற்குப் பெயர்தான் வளர்ச்சி என்று விளக்கினார். எனக்குப் பொருளாதாரம் புரிந்தது அன்றைக்குத்தான்.

வளர்ச்சியில் ஒரு சின்ன இடைஞ்சல். இருந்த டாலர் எல்லாம் வட்டிக்குப் போனதால் மருந்து இறக்குமதி நின்றுபோனது. எங்கள் இரண்டாம் செயலர் மொரேலின் மகள் தீவில் அம்மாவோடு இருக்கிறாள். பதினோரு வயது. தினமும் இன்சுலின் போட்டால்தான் அவள் பிழைப்பாள். தீவில் எந்தக் கடையிலும் இன்சுலின் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் தீவுக்கு விமானத்தில் போகும் தூதரகப் பையில், அரசாங்கக் காகிதங்களோடு, கவிதா இங்கே மார்க்கெட்டில் வாங்கி ஐஸ் வைத்துக் கட்டிய ஒரு தெர்மாகோல் பெட்டியும் போகும்.

போன மாதம் பதினேழாவது நம்பிக்கை கையெழுத்தானது. நோக்கம், பதினான்காவதின் வட்டியைக் கட்டுவது. ஒப்பந்தம் நட்பு நாட்டின் மொழியில் இருந்தது. எங்களில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. மொழிபெயர்க்க டாலரில் கட்டணம் கேட்டார்கள். ஆகவே தூதர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுச் செலவை மிச்சம் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை விமானக் கம்பெனியின் புது முதலாளிகளிடமிருந்து கடிதம் வந்தது. தூதரகப் பை இனி ஐந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கூடினால் டாலரில் கட்ட வேண்டும். எங்களிடம் டாலர் இல்லை. தீவுக்கு வாரத்தில் அந்த ஒரே விமானம்தான். கவிதா தராசில் வைத்துப் பார்த்தாள். அன்று பையில் போக வேண்டிய ஒப்பந்தம் நான்கு கிலோ எண்ணூறு. மருந்துப் பெட்டி இரண்டு கிலோ.

தீவில் மொரேல் வீட்டில் மீதி இருந்த மருந்து மூன்று நாளைக்கு.

"ராஜாராமன் சார், இந்த ஒப்பந்தப் புக்கைப் பாருங்க," என்றாள் கவிதா. "பாதிக்கு மேல போட்டோதான் சார். பளபளன்னு கெட்டி பேப்பர். இதை உருவிட்டா பெட்டி தாராளமா போயிடும்."

பார்த்தேன். தூதர் கை குலுக்குகிறார். தூதர் ரிப்பன் வெட்டுகிறார். தூதர், கைவிட்டுப் போன துறைமுகத்தைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.

அவர் அறைக்குப் போனோம். மொரேல் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். படங்களை அடுத்த வாரம் அனுப்பலாமே என்று கவிதா ஆங்கிலத்தில் கேட்டாள். ஒரு பக்கம் குறைந்தாலும் ஒப்பந்தம் செல்லாது என்றார் தூதர். எந்த ஷரத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது என்று கேட்டாள். அதைப் படித்தவர் அந்த அறையில் யாரும் இல்லை. பிறகு தூதர் எழுந்து மொரேலின் தோளில் கை வைத்தார்.

"மருந்து உங்கள் ஒரு குழந்தைக்கு. இந்த ஒப்பந்தம் நம் நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும்."

இவ்வளவு உயர்ந்த வாக்கியத்தை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. பையில் இருப்பவை இன்னின்ன என்று சான்றளித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் இரண்டாம் செயலர். மொரேல் போட்டார். பேனாவை மூட அவருக்கு வெகுநேரம் ஆனது.

வெளியே வந்ததும் கவிதா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள நீங்க ஒரு வார்த்தை பேசலையே சார்."

"அவங்க நாடும்மா. நமக்கு இது வேலை, அவ்வளவுதான்."

"அச்சா, வேலை," என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். யாராவது பயணி கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அந்த விமானத்தில் போனவர்கள் எல்லாரும் நட்பு நாட்டு இன்ஜினியர்கள். தெரியாத பெட்டியை ஒருவரும் வாங்கவில்லை. சாயங்காலம் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஐஸ் உருகியிருந்தது.

நான் ஒப்பந்தத்தின் நகலைக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த மொழியில் எனக்குப் புரிந்தது எண்கள் மட்டும். கடைசிப் பக்கத்தில் தவணை அட்டவணை. நாற்பத்தாறு வருடம். கடைசித் தவணை கட்டும்போது தூதர் இருக்க மாட்டார். நானும் இருக்க மாட்டேன். மொரேலின் மகளுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. கட்ட வேண்டியவள் அவள்தான்.

அதற்கு அவள் முதலில் அடுத்த வெள்ளிக்கிழமை வரை இருக்க வேண்டும். அவள் தலையில் எழுதிய கடனைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தோம், அவள் மருந்தை வெளியே வைத்தோம். அரக்கு உருக்கி, பையை மூடி, முத்திரை குத்தியவன் நான்.