மைக்ரான் அக்கா தொட்ட மந்திரி

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மைக்ரான் அக்காவிடம் திட்டு வாங்காத இரும்பே கிடையாது. எங்கள் பட்டறையில் தரப் பரிசோதகர் அவர்தான். நான் லேத்தில் கடைந்து கொடுப்பதில் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பிசகினாலும் தூக்கி ஓரம் வைத்துவிடுவார்; பெயரும் அதனால் வந்ததுதான். கேன்டீனில் வடையின் ஓட்டை நடுவில் இல்லை என்று ஒருநாள் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து மாஸ்டர் அவருக்கு போண்டா மட்டும்தான் தருவார்.

அக்காவை நான் செஸ் டீமில் சேர்த்தது திறமை பார்த்து அல்ல. தாம்பரத்தில் நடந்த கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் நாலு பேர் டீம். ஒரு பெண் கட்டாயம், அவர் எதிரணிப் பெண்ணோடு ஆட வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே பெண் அக்கா. தினமும் பஸ்ஸில் போனில் செஸ் ஆடிக்கொண்டே வருகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் எங்களை இறுதிப் போட்டி வரை இழுத்துக்கொண்டு போனார்.

எதிரணி, நாவலூர் ஐ.டி. கம்பெனி. அக்காவுக்கு எதிரே நிவேதா, பள்ளியில் படிக்கும்போதே பரிசுகள் வாங்கிய பெண். ஆண்கள் மூவரும் ஆடி முடித்தபோது இரண்டு டீமுக்கும் தலா ஒன்றரைப் புள்ளி. மிச்சம் இந்த ஒரு பலகைதான். அக்காவிடம் ஒரு சிப்பாய் அதிகம். மனதுக்குள் நான் கோப்பைக்கு அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டேன்.

நிவேதா தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரம். குதிரையை எடுக்கப் போன அக்கா, தவறிப்போய் பக்கத்திலிருந்த மந்திரியைத் தூக்கிவிட்டார். உடனே கீழே வைத்தார். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் அவசரமாக மின்விசிறியைப் பார்த்தேன். அக்கா கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார்.

"சார், மந்திரியத் தொட்டுட்டேன். அதையே ஆடிடறேன்."

எங்கே வைத்தாலும் வெட்டு. மந்திரி போனது, பின்னாலேயே யானையும் போனது. நான் மனதுக்குள் அலமாரியைக் காலி செய்தேன். அக்கா மட்டும் தோல்வியை ஒத்துக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் இழுத்தார். கடைசியில் தனி ராஜாவோடு நின்றார். ஜெயிக்கும் அவசரத்தில் நிவேதா ராணியை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டாள். ராஜாவுக்கு செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. விதிப்படி அது டிரா; கோப்பை இரண்டு டீமுக்கும் பொது.

கை குலுக்கும்போது நிவேதா கேட்டாள்: "நான் பாக்கவே இல்லையேக்கா, ஏன் சொன்னீங்க?"

"நான் பாத்தேனேம்மா."

ஆளுக்கு ஆறு மாதம் என்று ஏற்பாடு. எங்கள் தவணை முடிந்து கோப்பையை நாவலூருக்குக் கொண்டுபோனேன். எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறீர்கள் என்று வரவேற்பில் கேட்டார்கள். பெயர் ஞாபகத்துக்கு வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது: "மைக்ரான் அக்கா டீம்."