ஏழாவது விதியும் என் மோதிர விரலும்

முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட விசாரணைகளை நடத்தியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில் மட்டும்தான் உண்மையான குற்றவாளி அறைக்குள்ளேயே இருந்தான் என்று சத்தியம் செய்து சொல்ல முடியும். மேசைக்கு இந்தப் பக்கம், சுழல் நாற்காலியில், ‘விசாரணை அதிகாரி’ என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

மைசூரில், வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் பணியாளர் துறை மேலாளர். (பிற்பாடு துறையின் பெயரை ‘மனித வளம்’ என்று மாற்றினார்கள். மனிதர்களும் மாறவில்லை, வளமும் வரவில்லை.) அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு, பாதிக்கு மேல் நான் எழுதியவை. மழைக்காலத்தில் குடையை எங்கே வைப்பது என்பதற்கே ஒன்றரைப் பக்கம்.

ஆயுத பூஜைக்கு நான்கு பக்கம். ஏழாவது விதி: சென்சார், மீட்டர், சுவிட்ச் எதன்மேலும் சந்தனமோ குங்குமமோ வைக்கக் கூடாது. ஒன்பதாவது விதி: வைத்த பொட்டையும் போட்ட மாலையையும் துப்புரவு ஆட்கள்தான் அகற்ற வேண்டும், ஆபரேட்டர்கள் தொடக் கூடாது. ஏழாவது விதியின் பட்டியலைப் பாதுகாப்பு அதிகாரி கொடுத்தார். நான் மொழியைச் செப்பனிட்டேன். சென்சார் என்ற சொல்லை மூன்று மொழிகளில் பிழையில்லாமல் எழுதத் தெரியும். பொருளைப் பார்த்ததில்லை. இயந்திரங்கள் இருக்கும் பக்கம் நான் வருடத்துக்கு ஒரு முறைதான் போவேன், பூஜையன்று, பட்டு வேட்டியில்.

அந்த வருடமும் போனேன். புரோகிதர் முன்னே மந்திரம் சொல்லிக்கொண்டு நடக்க, பின்னால் நான் சந்தனத் தட்டுடன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நிர்வாகத்தின் முதல் பொட்டு என் கையால். எந்த இயந்திரமானாலும் அதற்கு நெற்றி என்று ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வைப்பது என் வழக்கம்.

கடைசியில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் மாதையனின் பிரஸ். கோபிநத்தத்திலிருந்து வந்த மாதையன் பதினோரு வருடமாக அந்த ஒரே பிரஸ்ஸை ஓட்டினார். அந்த வருடம் அவருக்கு லைன் லீடர் பதவி உயர்வு. பதவி உயர்வு உத்தரவுகளை விஜயதசமித் தேதி போட்டு, விடுமுறை முடிந்த மறுநாள் காலை கொடுப்பது எங்கள் வழக்கம். அவருடையது என் மேசை இழுப்பறையில் தயாராக இருந்தது.

பிரஸ் யானை உயரம். நெற்றி எட்டவில்லை. ஆனால் என் முகத்துக்கு நேராக ஒரு தூண், அதில் கறுப்பாகப் பளபளவென்று ஒரு கண்ணாடிப் பட்டை. இதற்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து, மோதிர விரலால் தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். அதன்மேல் குங்குமம். அதன்மேல் சாமந்தி மாலை.

“சார், அங்க வந்துங்க...” என்று மாதையன் கையைத் தூக்கினார்.

“பூஜை நேரத்துல பேசக் கூடாது,” என்றேன். (பன்னிரண்டாவது விதி.)

விடுமுறை முடிந்த மறுநாள் பிரஸ் ஓடவில்லை. மெயின்டனன்ஸ் ஆட்கள் வயர்களைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், மறுபடி கழற்றினார்கள். பிற்பகலில் பெங்களூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். மாலையை விலக்கினார், கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேய்த்தார். பிரஸ் உறுமியது. ஆபரேட்டரின் கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்துகிற சென்சார் அது. அதை மறைத்தால் பிரஸ் அசையாது. அறிக்கையில் ஒரே வரி: ‘காரணம், சந்தனம்.’

எம்.டி. ஒரே கேள்விதான் கேட்டார். “யார் பொறுப்பு?” எங்கள் கம்பெனியில் அந்தக் கேள்விக்குப் பெயர்தான் நிர்வாகம்.

பிரஸ் மாதையனுடையது. ஆகவே குற்றமும் அவருடையது. ஏழாவது விதியை மீறியதாகச் சார்ஜ் ஷீட் எழுதி, ஒர்க்ஸ் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். குற்றம் சாட்டியவரே விசாரிக்கக் கூடாது என்பது நடைமுறை. (கையெழுத்து என்னுடையது இல்லையே!) காலையில் பிரஸ் நின்ற களேபரத்தில் கொடுக்காமல் விட்ட பதவி உயர்வு உத்தரவு இழுப்பறையின் அடிக்குப் போயிற்று.

விசாரணையில் மட்டும் எல்லோரையும் ‘நீங்க’ என்பேன். அதற்கும் விதி உண்டு.

“சென்சார் மேல சந்தனம் இருந்துதா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.”

“ஆமாங்க. ஆனா...”

“ஆனா எல்லாம் வேண்டாம். நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க.”

“தொடைச்சீங்களா?”

“ஒம்பதாவது ரூலுல...”

“ஆமாவா, இல்லையா?”

“இல்லீங்க.”

துணைக்கு வந்திருந்த யூனியன் செயலாளர் புட்டசாமி, “சார், ஒந்து போட்டோ இதெ, நோடி,” என்று படத்தைப் பார்க்கச் சொல்லிப் போனை நீட்டினார்.

“ஆவணம் எதுவானாலும் மூணு நாள் முன்னாடி எழுத்துமூலம் கொடுக்கணும்,” என்றேன், பார்க்காமலே.

புட்டசாமி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு புன்னகைத்தார். அதைப் பணிவு என்று நினைத்தேன்.

மறுநாள் கம்பெனி மாத இதழின் அச்சுப்படி வந்தது. அதற்கு ஆசிரியரும் நானே. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில், அரைப் பக்கத்துக்கு ஒரு படம். பட்டு வேட்டியில் நான். என் மோதிர விரல் கறுப்புக் கண்ணாடியின் மேல். பின்னால் மாதையன், கையைத் தூக்கி, வாயைத் திறந்தபடி. கீழே நானே எழுதிய வரி: ‘விதிமுறைப்படி ஆயுத பூஜை.’ மேசையின் இன்னொரு பக்கத்தில் இன்ஜினியரின் அறிக்கை. அதிலிருந்த படத்தில் சென்சாரைச் சுற்றி வட்டம். அதே தூண். அதே கண்ணாடி.

முதலில் நான் செய்ததை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அளவுகோலை எடுத்து, படத்தில் என்னை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று பார்த்தேன். வெட்டினால் மிஞ்சுவது மாதையனின் திறந்த வாய்.

அவரைக் கூப்பிட்டேன்.

“நான்தான் வெச்சேன்னு ஏன் சொல்லலை?”

“யாரு வெச்சதுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே சார். இருந்துச்சா, பாத்தியா, தொடச்சியான்னுதானுங்க கேட்டீங்க.”

“சூப்பர்வைசர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனுங்க. மேனேஜரு வெச்ச பொட்ட நாம தொட்டு எதுக்கு வம்பு, இன்ஜினியரே வந்து தொடட்டும்னுட்டாருங்க.”

“அப்போ எத்தனை பேருக்குத் தெரியும்?”

மாதையன் நிதானமாக யோசித்தார். “உங்களையும் எம்.டி.யையும் தவுத்து எல்லாத்துக்குமுங்க. அன்னிக்கே வாட்ஸாப்புல வந்துருச்சுங்களே.”

விசாரணை அறைக்கு வெளியே பத்துப் பேர் ஏன் டீ கிளாஸோடு நின்றார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் எவ்வளவு தூரம் போகிறேன் என்று பார்க்க நின்றிருக்கிறார்கள்.

மாதையன் போகத் திரும்பியவர் நின்றார். “ஊட்டுக்காரியும் மாமனாரும் தசரா பாக்க வந்திருந்தாங்க சார். விஜயதசமியிலிருந்து லைன் லீடருன்னு சொல்லி அனுப்பிட்டேன். மாமனாரு ஊருல பொங்கலே வெச்சுட்டாராம். இப்ப போன் பண்றாங்க. நான் எடுக்கறதில்லீங்க.”

குறையாகச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது போலச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் அன்று நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

எம்.டி. படத்தைப் பார்த்தார். “காரணம் தெரியலைன்னு எழுதி ஃபைலை மூடிடுங்களேன்,” என்றார். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ‘காரணம் தெரியவில்லை’ என்று முடிந்த விசாரணையில் பதவி உயர்வு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். அதுவும் நான் எழுதிய விதி. கோபிநத்தத்திலோ பொங்கல் வைத்துச் சாப்பிட்டும் ஆயிற்று.

ஆகவே சார்ஜ் ஷீட் தொங்கிய அதே போர்டில், சந்தனம் வைத்தது நானே என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். மதிய உணவு நேரத்தில் கேன்டீன் வரிசையைவிட அந்த வரிசை நீளம். புட்டசாமி படித்து முடித்துவிட்டு என் அறைக்கே வந்தார்.

“சார், மூரு தின ஆயித்து. ஈக ஆ போட்டோ கொடலா?”

மூன்று நாள் ஆகிவிட்டதாம். இப்போது அந்தப் படத்தைத் தரலாமாம்.

பதவி உயர்வு உத்தரவைப் புதிதாக அடித்து மாதையனிடம் கொடுத்தேன். விசாரணைக்கு வெளியே முதல் முறையாக, “நீங்க என்னை மன்னிக்கணும்,” என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குத் தேதி போட்டிருக்குங்களே சார். மத்தவங்களுக்கெல்லாம் விஜயதசமிங்க.”

“முன்தேதி போட விதியில இடமில்லை,” என்றது என் நாக்கு. அதற்கு வேறு எதுவும் தெரியாது. பிறகு நான் காகிதத்தைத் திரும்ப வாங்கி, என் கையாலேயே கீழே எழுதினேன்: ‘இவ்வுத்தரவு விஜயதசமி முதல் நடைமுறைக்கு வருகிறது.’ அப்படி எழுத விதியில் இடம் இருந்தது. எப்போதும் இருந்தது. நல்லதுக்காக நான் அதைத் தேடியதில்லை.

நான் ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. ஆயுத பூஜையன்று வீட்டில் சந்தனக் கிண்ணம் என் மனைவியின் கையைவிட்டு இறங்காது. “நீங்க பூ மட்டும் எடுத்துக் குடுங்கோ,” என்பாள். போன வருடம் மாப்பிள்ளை புதுக் கார் வாங்கினார். நான் அதன் பின்பக்கம் போனதுமே, ரிவர்ஸ் கேமராவைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

மாதையன் இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், புரோகிதர் வருவதற்கு முன்னால், தவறாமல் போன் செய்கிறார். வாழ்த்துச் சொல்வார், உடம்பை விசாரிப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். பின்னணியில் பத்துப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்கும்.

“சார், நீங்க ஊட்லயேதானுங்களே இருக்கீங்க?”

“ஆமா,” என்பேன். ஆமா, இல்லை என்று மட்டும்தானே பதில் சொல்ல வேண்டும்.