மூக்கன் ஒட்டிய பொட்டு

"அண்ணே, காலைத் தூக்குங்க."

மூக்கன் தூக்கினார். கூட்டித் துடைக்கிற திலகவதி மாப்பை நாற்காலிக்கு அடியில் விட்டு இழுத்தாள். இழுத்துக்கொண்டே அவர் காலைப் பார்த்தாள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். மறுபடி காலைப் பார்த்தாள்.

"ஆத்தாடி! அந்தப் படத்துல இருக்கறது ஒங்க காலாண்ணே?"

"மெதுவாப் பேசு தாயி."

"வெடிப்புக்கு வெடிப்பு அப்படியே இருக்கே! சுண்டுவெரல்ல நகம் இல்லாததக் கூட விடல பாருங்க."

"அது கான்கிரீட்டு மிஷின்ல போச்சு. நீ அங்கிட்டுப் போய்த் துடை."

திலகவதி சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். இனி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வருவாள். மூக்கன் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். செருப்பை வேறு பழக்க தோஷத்தில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பூட்ஸும் செருப்புமாகக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அது புதுக்கோட்டை கீழராஜவீதியில் பிராங்க்ளின் நடத்துகிற காபிக் கடை. டீக்கடை என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே ஏசி ஓடும். காபி நுரையில் ஒரு இலை வரைந்து கொடுப்பார்கள். அதைக் கலைக்க மனசு வராமல் ஆறவைத்துக் குடிப்பார்கள். அந்தக் கடைச் சுவரில் உள்ளூர்ப் பிள்ளைகள் ஆறு பேர் வரைந்த ஆறு படங்களை நாலு நாளாக மாட்டியிருந்தார்கள். இன்றைக்கு ஞாயிறு, கடைசி நாள். ஆறாவது படம் மூக்கனின் மகள் சுடர்விழி வரைந்தது. மூன்றடி உயரச் சட்டத்துக்குள் மூக்கனின் இரண்டு பாதங்கள். அவ்வளவுதான். சிமெண்டுப் பால் காய்ந்து வெளுத்து, சித்திரை மாசத்துக் கண்மாய் போல வெடித்துக் கிடந்தன. படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

காபி குடிக்கிற இடத்தில் காலை மாட்டினால் எவன் வாங்குவான்? மூக்கனுக்கு அதுதான் கவலை. ஏனென்றால் வீட்டில் பொண்டாட்டி ராக்காயி தீர்ப்பு சொல்லியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தப் படம் போச்சுன்னா ஒங்க மக எத்தனை காலு வேணும்னாலும் வரையட்டும். போகலையா, திங்கக்கிழமை திருப்பூர் பஸ்ஸு. பனியன் கம்பெனியில எங்க அண்ணன் சொல்லி வச்சிருச்சு."

சுடர்விழி பிரஷ்ஷையெல்லாம் கழுவித் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்துவிட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் மூக்கனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இன்றைக்கு அவளுக்குத் திருச்சியில் ஏதோ பரீட்சை. போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

"அப்பா, சும்மா ஒக்காந்திருந்தாப் போதும். எதையும் தொட்டுறாதீங்க."

எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிற வேலையை மூக்கன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அரை மணி நேரம் தாங்கினார். அப்புறம் எழுந்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அதைக் கண்டார். முதல் நாலு படத்துச் சீட்டிலும் ஓரத்தில் செக்கச்செவேல் என்று ஒரு பொட்டு. விரலால் தடவிப் பார்த்தார். வெல்வெட்டு. ராக்காயி நெற்றியில் வைக்கிற அதே சாதி. ஐந்தாவது படத்துக்குப் பொட்டு இல்லை. அது அரவிந்த்குமார் என்கிற பையன் வரைந்த ஜெகதாப்பட்டினத்து விசைப்படகு. ஆறாவது, மூக்கனின் காலுக்கும் இல்லை.

"அட, விவரமான பிள்ளைகதான்" என்று நினைத்துக்கொண்டார். கட்டுகிற வீட்டுக்கே பூசணிக்காயில் மூஞ்சி வரைந்து சாரத்தில் தொங்கவிட்ட பிறகுதான் மேஸ்திரி கலவை போடச் சொல்வார். இங்கே நாலு நாளாக ஊரே வந்து உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்க்கிறது. பொட்டு இல்லாத படம் எப்படித் தாங்கும்? தன் மகளுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

இடுப்பிலிருந்து ராக்காயியின் போனை எடுத்தார். முகம் கழுவும்போது பொட்டைப் பிடுங்கிப் போன் முதுகில் ஒட்டுவது அவள் வழக்கம். ஒன்றைப் பதமாக உரித்து, 'அப்பா' என்ற சீட்டின் ஓரத்தில் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினார். பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தார். பிராங்க்ளின் "வாங்க டாக்டர்" என்றான். அந்த அம்மா காபியை மறந்துவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கன் மூச்சை அடக்கிக்கொண்டார். அந்த அம்மா குனிந்து சீட்டைப் பார்த்தார்.

"ச்சே" என்று ஒரு பெருமூச்சு விட்டார். போய்விட்டார்.

அடுத்து கீரமங்கலத்துப் பூ வியாபாரி ஒருத்தர் குடும்பத்தோடு வந்தார். "புது வீட்டு ஹால்ல இதத்தான் மாட்டணும். வர்றவனுக்கெல்லாம் ஒழைப்புன்னா என்னன்னு தெரியட்டும்" என்று மனைவியிடம் சொன்னார். குனிந்தார். "அடடா!" என்றார். அவரும் போய்விட்டார்.

மூக்கன் காபி மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த பிராங்க்ளினிடம் போய் நின்றார்.

"தம்பி, ஒரு சந்தேகம். பொட்டு வச்சும் படம் போகமாட்டேங்குதே, ஏன்?"

"பொட்டு வச்சாப் போயிருச்சுன்னுதான்யா அர்த்தம்."

"எங்க போயிருச்சு?"

"வித்துப்போச்சுய்யா. வேணுங்கறவங்க ஒரு செவப்புப் பொட்டை எடுத்து ஒட்டிட்டுப் போயிருவாங்க. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வந்து படத்த எடுத்துக்குவாங்க. அதுக்கப்பறம் வேற யாரும் கேக்க மாட்டாங்க. அந்தா, அந்தத் தெப்பக்குளம் படத்த மட்டும் பதினோரு பேரு கேட்டாங்க. மொத நாளே பொட்டு விழுந்துருச்சுன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

மூக்கன் ஓடினார். சீட்டில் இருந்த பொட்டை நகத்தால் பிடுங்கினார். அது விரலில் ஒட்டிக்கொண்டது. கையை உதறினார். போகவில்லை. தரையில் தேய்த்துவிடலாம், ஆனால் கட்டிய பொண்டாட்டி பொட்டைக் காலடியில் போடுவதாவது! சுமங்கலிப் பொட்டு. பக்கத்தில் கைக்கு எட்டிய இடத்தில் பயபக்தியோடு ஒட்டிவிட்டு, செருப்பையும் மறந்து தெருவுக்குப் பாய்ந்தார்.

கைக்கு எட்டிய இடம் விசைப்படகின் சீட்டு.

டாக்டரம்மா நாலு கடை தள்ளி மருந்துக் கடையில் வேலையை முடித்துக்கொண்டு வந்து, ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"அம்மா! ஏறாதீங்கம்மா! அந்தப் பொட்டு பொய்யிம்மா!"

டாக்டரம்மா திடுக்கிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"என்னய்யா, பொம்பளைகிட்ட வம்பு பண்ற?"

"வம்பு இல்லீங்க. அது எம் பொண்டாட்டி பொட்டு!"

"என்னது?"

"பொண்டாட்டி பொட்ட நான்தான் வச்சேன். இந்த அம்மா அதப் பாத்துட்டுத்தான் கோச்சுக்கிட்டுப் போறாக!"

கூட்டத்துக்கு இப்போது கதை நன்றாகவே புரிந்துவிட்டது. "இந்த வயசுல ஒனக்கு ரெண்டு கேக்குதா?" என்று ஒருத்தர் மூக்கனின் சட்டையைப் பிடித்தார். ஆட்டோக்காரர் இறங்கி லுங்கியை மடித்துக் கட்டினார்.

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தார் ரோட்டில், நகமில்லாத சுண்டுவிரலோடு நின்ற இரண்டு பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரை விடுங்க" என்றார். "அப்பான்னு எழுதியிருந்ததே... நீங்கதானா அது?"

மூக்கனுக்கு ஒளித்துக்கொள்ள நாற்காலி இல்லை. "ஆமாம்மா" என்றார்.

அவர்கள் இரண்டு பேரும் கடைக்குத் திரும்பியபோது உள்ளே ஒரே கும்மாளம். அரவிந்த்குமார் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா! என் படகுக்கும் பொட்டு விழுந்துருச்சு! வாயத் தொறங்க!"

"தம்பி, அந்தப் பொட்டு வந்து..."

"மொதல்ல கேக்கு!"

"இல்லப்பா, அது எம் பொண்..."

இரண்டாவது துண்டும் உள்ளே போனது. பையன் அடுத்து ஜெகதாப்பட்டினத்துக்குப் போன் போட்டான். அவன் அப்பா நடுக்கடலில் இருந்து கரை வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. "அப்பா, ஒங்க போட்டு வித்துருச்சுப்பா!" என்று இவன் கத்த, அந்தப் பக்கம் அந்த மனுஷன் பதறி "எவன்கிட்ட கேட்டுடா வித்த?" என்று கத்துவது கடை முழுக்கக் கேட்டது. மூக்கனுக்குக் கேக் தொண்டையில் நின்றது. இவ்வளவு சந்தோஷத்தை எந்த வாயால் கலைப்பது?

இதற்கிடையில் டாக்டரம்மா பிராங்க்ளினிடம் ஒரு பொட்டு கேட்டார். பிராங்க்ளின் கல்லாவில் தேடினான், மேஜைக்கடியில் தேடினான், கடைசியில் சர்க்கரைப் பொட்டலங்களுக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை இழுத்து எடுத்தான். அதிலிருந்து ஒன்றை உரித்து டாக்டரம்மாவே ஒட்டினார். வழவழவென்று காகிதப் பொட்டு. வெல்வெட்டு இல்லை. மூக்கனுக்கு ஏதோ லேசாக உறுத்தியது. ஆனால் மகள் படம் போய்விட்ட சந்தோஷத்தில், உறுத்தியது என்ன என்று யோசிக்க நேரமில்லை.

"எங்கிட்ட வர்ற பேஷண்ட்டெல்லாம் இந்தக் காலத்தான் காட்ட வெக்கப்படுவாங்க" என்றார் டாக்டரம்மா. "வாசல்லயே மாட்டப் போறேன். அப்பறம் நீங்களும் ஒரு நாள் வாங்க. அந்த வெடிப்பு ஆறிரும்."

"ஆறிட்டா படம் மாதிரி இருக்காதேம்மா" என்றார் மூக்கன்.

ஐந்தரை மணிக்குச் சுடர்விழி வந்தாள். சீட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"எதையாச்சும் தொட்டீங்களாப்பா?"

"ஒண்ணையும் தொடல தாயி" என்று மூக்கன் மகளின் தலையைத் தொட்டுச் சொன்னார். அவள் உடனே பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்து ராக்காயிக்குச் சொல்லப் போனைக் கேட்டாள். கொடுத்தார்.

ஆறு மணிக்கு டாக்டரம்மாவின் கார் வந்தது. கால்கள் இரண்டும் பின் சீட்டில் ஏறிப் போயின.

ஆறேகால் ஆனது. மற்ற ஐந்து பேரும் படத்தைக் கழற்றி, பழுப்புக் காகிதத்தில் கட்டி, பொட்டு ஒட்டிய சீட்டை மேலே செருகி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார்கள். வாங்கியவர்கள் யாரும் வரவில்லை. ஆறரை ஆனது. வாசலில் ஒரு பைக் நின்றால் ஐந்து பேரும் எழுந்தார்கள். பார்சல் வாங்க வந்த ஆள்.

மூக்கனால் அதற்கு மேல் முடியவில்லை. அரவிந்த்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்னைய மன்னிச்சுரு. ஒம் படத்துக்கு யாரும் வர மாட்டாங்க. அந்தப் பொட்டு எம் பொண்டாட்டியோடது. கண்ணு படக் கூடாதுன்னு நான் எடுத்தது, கை மாறி ஒன்னுதுல ஒட்டிருச்சு."

மற்ற நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெப்பக்குளம் வரைந்த சரவணக்குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"திருஷ்டிப் பொட்டுக்குக் கேக்கு வெட்டுனியேடா! விடு மாப்ள, அடுத்த தடவை பாத்துக்கலாம். எங்களுக்கெல்லாம் மொத நாளே விழுந்துச்சு, தெரியும்ல?"

அரவிந்த்குமார் மூஞ்சியைத் தொங்கப் போட்டான். மூக்கன் அவனைப் பார்க்க முடியாமல் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. வாளியும் மாப்புமாகத் திலகவதி உள்ளே வந்தாள். நெற்றியில் புதுப் பொட்டு.

"என்ன தம்பிகளா, இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"வாங்குனவங்க வரணும்க்கா. இந்தா, பொட்டு ஒட்டிட்டுப் போயிருக்காங்கல்ல" என்றான் சரவணக்குமார், சீட்டைத் தூக்கிக் காட்டி.

திலகவதி வாளியைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"இதுவா? மொத நாளு கூட்டத்தப் பாத்துட்டு, கண்ணு படுமேன்னு நான் வச்சதுல்ல இது நாலும்! படகுக்கும் இந்த அண்ணன் காலுக்கும் வர்றப்பத்தான் அட்டை தீந்துபோச்சு."