என் நெற்றிக்காக ஒரு விண்ணப்பம்

பாபநாசம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின்

முத்துப்பேட்டை அரிசி மண்டி உரிமையாளரும், இன்ஷா அல்லாஹ் எங்கள் சம்பந்தியுமாகிய மதிப்பிற்குரிய அப்துல் ரஹ்மான் அவர்களுக்கு ஜெக்கரியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நானும் என் மனைவி மெஹராஜ் பேகமும் பேத்தி அஃப்ரீனும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உண்மையில் மெஹராஜ் பேகத்துக்கு மூட்டுவலி, அஃப்ரீன் சரியாகச் சாப்பிடுவதில்லை, எனக்கு உறக்கமில்லை. தாங்களும் தங்கள் துணைவியார் நூர்ஜஹான் அவர்களும் மகன் ஜாபிரும் உண்மையாகவே நலமாக இருக்க துஆ செய்கிறேன். மேலே ‘சம்பந்தி’ என்று எழுதலாமா கூடாதா என்று நெடுநேரம் யோசித்தேன். தவறென்று பட்டால் தாங்களே அடித்து வேறு சொல் எழுதிக்கொள்ளவும். அதற்காகவே பக்கத்தில் சற்று இடம் விட்டிருக்கிறேன்.

கையில் போன் இருக்க இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். நேரில் வந்தால் என் முகமும் கூடவே வருகிறது. போனில் பேசலாம் என்றால், இப்போதெல்லாம் அதிலும் முகம் தெரிகிறது. கடிதத்துக்கு மட்டும்தான் நெற்றி கிடையாது. ஆகவே என் வாழ்நாளில் முதல் முறையாக முகம் இல்லாமல் பேசுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

விஷயம் அந்த நிச்சயதார்த்த விருந்துதான். அதற்கு முந்தைய வாரம் தாங்கள் குடும்பத்துடன் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தீர்கள். மகள் ஃபஹ்மிதாவும் மருமகனும் ஷார்ஜாவில் இருப்பதால், பேத்தியை வளர்த்தவன் என்ற முறையில் நானே உள்ளே போய் அஃப்ரீனிடம் சம்மதம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தாள். பெண் பேசாதிருந்தால் சம்மதம் என்பது நம் வழக்கம். நான் வெளியே வந்து சம்மதம் என்று சொன்னேன். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது, அல்லது அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

பிறகு தங்கள் வீட்டு விருந்து. தாங்கள், ஜாபிர், பள்ளிவாசல் தலைவர், நான் என்று நால்வரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். தனித்தனி இலை என்றால் ஒருவன் முகம் கோணினாலும் அடுத்த இலைக்குத் தெரியாது. சஹனில் அந்த வசதி இல்லை. நாலு பேர் கையும் ஒரே தட்டில், நாலு பேர் முகமும் ஒரு முழ தூரத்தில், முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு. நான் பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தேன். அதன் பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சிட்டிகை சோற்றை எடுத்து உள்ளங்கையில் பரப்பிக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்திருக்கிறது. டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்திருக்கிறது. ஒரு கறுப்பு அரிசியைப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் தனியே வைத்திருக்கிறது. அதோடு விட்டதா என்றால் இல்லை. ஒரு பருக்கையை முன்பல்லில் வைத்துக் கடித்தும் பார்த்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் என் இரு புருவங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. இதையெல்லாம் நான் பிற்பாடு மெஹராஜ் பேகம் சொல்லித்தான் அறிந்தேன். பெண்கள் பக்கத்துத் திரைச்சீலை விலகியிருந்ததாம். அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், திடீரென்று யாரும் மெல்லவில்லை என்பதுதான்.

அப்போது தாங்கள் என்னைப் பார்த்து, “என்னங்க, அரிசி சரியில்லீங்களா?” என்று கேட்டீர்கள். முப்பது வருஷமாக அரிசி வியாபாரம் செய்கிறவர், தன் மகன் நிச்சயத்துக்குத் தானே பார்த்து எடுத்த சீரகச் சம்பா. என் வாயில் பருக்கை. பதில் சொல்லுமுன் புன்னகை செய்ய முயன்றேன். அது எப்படி இருந்தது என்று தலைவர் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் தண்ணீர் கேட்டார்.

ஐயா, தாங்கள் நினைப்பது போல அது அருவருப்பும் அல்ல, அகம்பாவமும் அல்ல. அது என் பழைய வேலை. நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் தரம் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். களத்து வெயிலில் நின்று, கை நிறைய நெல்லை அள்ளி, ஊதி, பதர் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்து நெற்றி அப்படியே உறைந்துவிட்டது. நான் மிகவும் பயந்த சுபாவம். ஒருவர் நெல்லையும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவன் இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர்களே மூட்டையைத் தூக்கிக்கொண்டு காயவைக்கப் போய்விடுவார்கள். நல்லா இருக்கு என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் வண்டி திரும்பியிருக்கும். ஊரில் எனக்குக் கண்டிப்பானவர் என்று பெயர். வீட்டில் மெஹராஜ் பேகம் குரலை உயர்த்தினால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுகிறவன் என்பது யாருக்கும் தெரியாது.

இதில் மொழியும் என் பக்கம் இல்லை. எனக்குத் தெரிந்த தமிழில் தேடிப் பார்த்தேன். முகம் சுளித்தார், புருவத்தை நெரித்தார், நெற்றியைச் சுருக்கினார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், கடுகடுத்தார். எத்தனை சொற்கள், எல்லாமே குற்றப்பத்திரிகை. பேருந்து நிலையத்தில் எது நடந்தாலும் பொதுமக்கள் முகம் சுளித்தனர் என்று பத்திரிகையில் போடுகிறார்கள். அந்தப் பொதுமக்களில் பாதிப் பேர் வெயிலுக்குக் கண் கூசி நின்றவர்களாக இருக்கலாம் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. காரணமில்லாமல் சும்மா சுருங்கிக் கிடக்கிற முகத்துக்கு ஒரு சொல்லாவது இருந்தால், அதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டிருப்பேன்.

அன்று வீடு திரும்பியதும் மெஹராஜ் பேகம் நடந்ததைச் சொல்லி அழுதாள். அஃப்ரீன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “நன்னா, நெஜமாவே பல்லுல வச்சு கடிச்சீங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டு, என்னைக் கட்டிக்கொண்டு, தோசை வேறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதிர்ச்சியில் சிலருக்குச் சிரிப்பு வரும் என்று படித்திருக்கிறேன். என் மனம் வெந்துபோயிற்று. அதன்பின் தங்கள் வீட்டிலிருந்து ஒரு போனும் இல்லை. கல்யாணத் தேதி பேச வருவதாகச் சொன்ன வாரம் கழிந்தது. பெற்றவர்கள் கண்காணாத தூரத்தில் இருக்க, என்னை நம்பி விட்டுப்போன பெண்ணின் வாழ்வை ஒரு கவளம் சோற்றில் கெடுத்துவிட்டேனே என்று நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

சரி, நேரில் போய் மன்னிப்புக் கேட்போம் என்று பஸ் ஏறித் தங்கள் மண்டிக்கு வந்தேன். தாங்கள் தொழுகைக்குப் போயிருந்தீர்கள். உட்காருங்க என்று கடைப் பையன் நாற்காலி போட்டான். அதை அவன் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போடாமல் இருந்திருக்கலாம். கையை மடியில்தான் வைத்திருந்தேன், சத்தியமாக. எப்போது மூட்டைக்குள் போனது என்று தெரியவில்லை. நான் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்துக்குத் திருப்பியபோது, எதிரே பை பிடித்து நின்றவர் என்னையே பார்த்தார். கோவிந்தராசு. எங்கள் பக்கத்து விவசாயி, மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் முத்துப்பேட்டை. ஒரு காலத்தில் என் முகத்தைப் பார்த்துக் குறுவை நெல்லைக் காயவைக்கத் திருப்பிக் கொண்டுபோய் மழையில் விட்டவர். அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகப் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், “கொள்முதல் ஐயாவே மொகத்த சுளிக்கிறாரு. வாய்யா போவோம். அவரு வாயால சொல்லமாட்டாரு, நெத்திலதான் சொல்லுவாரு,” என்றார். இருவரும் எதிர்க்கடைக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலரும் போனார்கள். தாங்கள் திரும்பி வருவதைத் தூரத்தில் கண்டேன். தங்களை எதிர்கொள்ளும் தைரியமில்லாமல் பின்வாசல் வழியாக வந்து பஸ் ஏறிவிட்டேன். அந்த அரிசி மிக நல்ல அரிசி. நொய் மட்டும் கொஞ்சம் கூடுதல். அதைக்கூட நான் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிக்கவும்.

இதற்குப் பின் முகத்தைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று முதலில் புருவத்தை உயர்த்துவது, பிறகு உதட்டை விரிப்பது, இரண்டையும் சேர்த்து நிறுத்துவது என்று முறையாகப் பழகினேன். ஓரளவு வந்துவிட்டது என்று தோன்றியதும் நூர்ஜஹான் அவர்களுக்கு வீடியோ கால் போட்டு, அந்த முகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பேசினால் கலைந்துவிடும் என்பதால் பேசவில்லை. அவர் என்னைப் பார்த்து அலறினார். பக்கவாதம் என்று நினைத்திருக்கிறார். இரண்டே மணி நேரத்தில் ஜாபிர் கார் எடுத்துக்கொண்டு டாக்டரோடு வந்து இறங்கினார். அவ்வளவு தூரம். எவ்வளவு நல்ல பிள்ளை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். என் பெயர் கேட்டார்கள், சொன்னேன். அஃப்ரீன் ஜாபிருக்குத் தண்ணீர் கொண்டுவந்து டம்ளரை வைத்த வேகத்தில் பாதி மேசையில் சிந்தியது. வெட்கம் என்று புரிந்துகொண்டேன். அந்தப் பதற்றத்தில் நூர்ஜஹான் அவர்களின் மனமும் இளகி, ஜாபிர் வாப்பாவிடம் சொல்லித் தேதி பேச வைக்கிறேன் என்று மெஹராஜ் பேகத்திடம் போனில் சொன்னார்கள்.

அன்றைக்குத்தான் அஃப்ரீன் முதல் முறையாக அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றேன். மறுநாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மறுபடியும் முறிந்துவிடுமோ என்ற பயம்தான் பிள்ளையை அரிக்கிறது. தங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதவரை அது தீராது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுகூட, “விட்டுடுங்களேன் நன்னா, எழுத வேணாம்,” என்றாள். என் மானம் போகக் கூடாதே என்று தன் ஆசையை மறைக்கிறாள். இப்படி ஒரு பெண்ணைப் பெற தாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இதை அகம்பாவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே என் விண்ணப்பம். என் நெற்றிக்காக இந்தச் சம்பந்தத்தை முறிக்க வேண்டாம். நிக்காஹ் அன்று நான் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். போட்டோவில் நிற்க மாட்டேன். சாப்பாட்டுக்குச் சுவரைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்துகொள்கிறேன். சோறு வேண்டாம், ரொட்டி போதும். வரவே வேண்டாம் என்றாலும் சரி, மண்டபத்துக்கு வெளியே காரில் இருந்துகொள்கிறேன். அவள் சந்தோஷமாக இருந்தால் அது போதும். இதற்கு மேல் இறங்க எனக்கு வழி தெரியவில்லை.

தங்கள் வியாபாரத்தில் பரக்கத்தும், இல்லத்தில் அமைதியும் என்றும் நிலைக்க அல்லாஹ்விடம் கையேந்துகிறேன். நூர்ஜஹான் அவர்களுக்கும், இன்ஷா அல்லாஹ் மாப்பிள்ளைக்கும், பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோன பள்ளிவாசல் தலைவருக்கும் என் சலாம்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஜெக்கரியா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை அஃப்ரீனிடம் கொடுத்தேன். சஹன் வரும் இடத்தில் சிரித்தாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அவள் புருவங்கள் சேர்ந்தன. ஆயுசெல்லாம் நெல்லைக் கூர்ந்து பார்த்தவன், அந்தப் பிள்ளையின் நெற்றியை இன்றுதான் பார்த்தேன். அது என் நெற்றியைப் போலச் சும்மா சுருங்கியது அல்ல. என்னம்மா என்றேன்.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் நன்னா. அவங்க நல்லவங்கதான், ஆனா எனக்கு வேணாம். அன்னைக்கு நீங்க மொகத்த சுளிச்சீங்கன்னு நன்னி சொன்னதும், நன்னாவுக்கு எப்படியோ புரிஞ்சிடுச்சுன்னு எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா.”

அப்படியானால் சம்மதம் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “பேசாமத்தானே இருந்தேன்,” என்றாள்.

ஐயா, மேலே எழுதியதைக் கிழிக்க மனமில்லை. புதிதாக எழுதத் தெம்பில்லை. ஆகவே ‘சம்பந்தி’க்குப் பக்கத்தில் விட்ட இடத்தைத் தாங்கள் தயவுசெய்து பயன்படுத்திக்கொள்ளவும். அன்று என் நெற்றியில் தாங்கள் எதைப் படித்தீர்களோ, அதையே இந்த வீட்டின் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஜாபிருக்கு இதைவிட நல்ல இடம் அமைய தினமும் துஆ செய்வேன்.

அரிசி மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது.