நூற்றுப் பதினெட்டரை

இந்த விடுமுறைக்கு வெளிநாடு போகிறோம் என்று நான் அறிவித்தபோது என் மனைவி ஸ்டூலின் மேல் நின்று டியூப் லைட் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு இப்படித்தான். நான் தையல்காரன். நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவனுக்குக் கழுத்து வலி இருக்கும். உயரத்தில் ஏறி அண்ணாந்து பார்க்கக் கூடாது. கல்யாணமான முதல் மாதமே இதை அவளுக்கு விளக்கிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள்.

"வெளிநாட்டுல எங்க?" என்றாள்.

"தீம் பார்க். ஒண்ணு இல்ல, ரெண்டு."

"ஸ்டூலைக் கெட்டியாப் பிடிங்க. எனக்குத் தலை சுத்துது."

"நான் நினைச்சா முடியாதா?"

"முடியும். போன வருஷம் கடலுக்குப் போறோம்னு சொல்லி உங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. அங்க தண்ணித் தொட்டி இருந்துச்சு."

"தண்ணி தண்ணிதானே."

மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் வெளியே தலையை நீட்டினாள். ஏழு வயது. எதிர்வீட்டுப் பெண் போன வருடம் தீம் பார்க் போய்விட்டு வந்ததிலிருந்து, அங்கே வாங்கிய தொப்பியைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. அந்தத் தொப்பி என் மகளின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

"அப்பா, அங்க தலைகீழ் ரயில் இருக்கு. அதுல என்னை ஏத்துவீங்களா?"

"ஏத்துறதா? அப்பாவே பக்கத்துல உக்காந்து கூட்டிட்டுப் போறேன் கண்ணு."

ரயில் என்றால் ரயில் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க என் கடைக்கு வந்தார். தொப்பிக்காரப் பெண்ணின் அப்பா. விஷயத்தைச் சொன்னதும் கைப்பேசியை எடுத்து அந்த ரயிலைக் காட்டினார். அது ஒரு மலையின் மீது ஏறியது. உச்சியில் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மேலிருந்து கைவிட்ட நூல்கண்டைப் போல விழுந்தது. விழுந்தது போதாதென்று இரண்டு முறை தலைகுப்புறச் சுற்றியது. உள்ளே இருந்தவர்கள் பணம் கொடுத்து அலறிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல நீங்க ஏறினீங்களா?" என்றேன்.

"எங்க மாஸ்டர்! பொண்ணு அப்ப நூத்தி இருபது சென்டிமீட்டருக்குக் குறைவு. ஏத்த மாட்டேன்னுட்டாங்க. ஆனா ஒரு லாபம். நூத்தி இருபதுக்குக் கீழன்னா டிக்கெட் பாதி விலை."

"அதுக்கு மேலன்னா?"

"முழு டிக்கெட். ரயில்ல ஏறலாம். ஆனா சின்னப் பிள்ளைங்க கூட ஒரு பெரியவங்க உக்காரணும்."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குக் கழுத்து வலி கிடையாது. எனக்கு உயரம் ஆகாது. ஸ்டூலின் முதல் படியில் கால் வைத்தாலே முழங்கால் இரண்டும் தனித்தனியாக முடிவெடுக்க ஆரம்பித்துவிடும். என் மனைவிக்கோ பஸ் வளைவில் திரும்பினாலே குமட்டும். ஆக, கூட உட்காரப்போகும் அந்தப் பெரியவர் யார் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மகளைக் கதவோரம் நிற்க வைத்து அளந்தேன். கடை திறந்த நாளில் வாங்கிய டேப். பதினான்கு வருடமாக என் கழுத்தில் கிடக்கிறது. அது இல்லாமல் நான் வாசற்படி தாண்டுவதில்லை.

நூற்றுப் பதினெட்டரை.

ஆண்டவன் என் மகளைக் கச்சிதமான அளவில் தைத்திருந்தான்.

"சிக்கனம்னா என்னன்னு கேட்டுக்கோங்க," என்றேன். "மூணு வாரத்துல கிளம்பறோம். கூட்டமில்லாத மாசம், விமான டிக்கெட் மலிவு. முக்கியமா, பாப்பா நூத்தி இருபதைத் தொடறதுக்குள்ள போனா பாதி டிக்கெட்."

இந்தத் திட்டத்தின் மேல்துணி சிக்கனம். லைனிங் பயம். லைனிங்கை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

"அப்ப தலைகீழ் ரயில்?" என்றாள் மகள்.

"அதுல குட்டையா இருக்கறவங்களை ஏத்த மாட்டாங்களாம். பரவாயில்ல, பொம்மைக் குதிரை இருக்கு. பெரிய கப்புக்குள்ள உக்காந்தா அது சுத்தும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கதவில் நான் பென்சிலால் போட்ட கோட்டையே பார்த்தாள். பிறகு அதற்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"தொப்பிக்காரிகிட்ட நான் ஏறுவேன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

என் மனைவி அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். எதையும் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொள்வது அவளுக்குத் தொழில் பழக்கம்.

"ஏங்க, அங்க போய் நிக்கும்போது இவ நூத்தி இருபது இருந்துட்டா?"

"எப்படி இருப்பா? மூணு வாரத்துல ஒண்ணரை சென்டிமீட்டரா?"

"இருந்துட்டான்னு வைங்க. பக்கத்துல உக்காந்து கூட்டிட்டுப் போவீங்களா?"

"தாராளமா."

"வாக்கு?"

"வாக்கு."

"பாப்பா, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன்மா. நான் பாப்பா இல்ல."

"பார்க் டிக்கெட்டை நான் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எடுத்துடறேன்," என்றாள் மனைவி. "நீங்க கடையைப் பாருங்க."

"நான் சொன்ன தொகைக்கு மேல ஒரு பைசா போகக் கூடாது."

"போகாது."

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெற்றியில் இருந்தேன். வரவில்லை.

அன்றிலிருந்து மகள் வளர ஆரம்பித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். நுனிக்காலில் நடந்தாள். தூங்கும்போது சுருண்டு படுக்காமல், பீரோவில் அடுக்கிய துணிபோல் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். பால் என்றால் வீட்டைவிட்டு ஓடுகிறவள் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் கேட்டாள்.

"பால் செலவு எகிறுது," என்றேன்.

"பிள்ளை பால் குடிக்கிறதுக்குக்கூடக் கணக்கா?" என்றாள் மனைவி. "ஊர் சிரிக்கும்."

நானும் சும்மா இருக்கவில்லை. மாலையில் மட்டுமே அளந்தேன். நாள் முழுக்க ஓடியாடிய உடம்பு மாலையில் ஒரு நூல் குறையும். தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜன்னலருகே அவள் போகும்போதெல்லாம் "கம்பி துருப்பிடிச்சிருக்கு, தொடாதே" என்றேன். முதல் வாரம் நூற்றுப் பதினெட்டரை. இரண்டாம் வாரமும் அதேதான். மூன்றாம் வாரம் நூற்றுப் பத்தொன்பதை முடி தொட்டது.

அன்று கடையை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு ஒரு கவுன் தைத்தேன். தரை வரைக்கும் இறங்குகிற, கீழே போகப் போக விரிகிற கவுன். உள்ளே இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொண்டு நின்றாலும் வெளியே ஒருவருக்கும் தெரியாது. என் பதினான்கு வருட அனுபவத்தை அதில் இறக்கியிருந்தேன்.

மனைவி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"பிள்ளைக்குக் கல்யாணமா?"

"வெளிநாட்டு ஃபேஷன்."

"உள்ள இன்னொரு குடும்பமே தங்கலாம் போல இருக்கே."

"காத்தோட்டம்."

"ஓஹோ," என்றாள். அதை மடித்துப் பெட்டியில் வைத்தாள். கூடவே கத்தரிக்கோலையும் ஊசி நூலையும் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. விமானத்தில் நடைபாதையோர இருக்கை கேட்டு வாங்கி, இறங்கும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டு போனேன். விடுதி மலிவு. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பெட்டியோ ஒரு ஆளோதான் நிற்க முடியும், பெட்டி நின்றது. காலை உணவு இலவசம் என்பதால் மதியத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டோம். எல்லாம் திட்டப்படி நடந்தது. முதல் பார்க் போகிற நாள் காலை குளித்துவிட்டு வந்தேன். மகள் தயாராக நின்றாள். அந்தக் கவுன்தான். முழங்காலோடு நின்றிருந்தது.

"வெயில் ஜாஸ்திங்க," என்றாள் மனைவி. "பாதியா வெட்டி மடிச்சு அடிச்சுட்டேன். தையல் எப்படி?"

தையல் நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பார்க் வாசலில் மரத்தில் செய்த ஒரு ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதன் ஒரு கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. கைக்குக் கீழே தலை இடிக்காமல் நுழைகிற பிள்ளைக்குப் பாதி டிக்கெட். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மகள் செருப்பைக் கழற்றினாள். நடந்தாள். நெற்றி உச்சி கையில் மோதி டொக்கென்று சத்தம் கேட்டது.

மஞ்சள் சட்டைப் பெண் கைதட்டி, மகளின் மணிக்கட்டில், ரயிலில் ஏறலாம் என்பதற்கு அடையாளமான பச்சைப் பட்டை ஒன்றைக் கட்டினாள். மகள் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"நிறுத்துங்க!" என்றேன். "இந்த ஒட்டகச்சிவிங்கி தப்பு."

என் ஆங்கிலம் செஸ்ட், வெய்ஸ்ட், ஹிப்போடு நின்றுவிடும். "சொல்லு அவங்ககிட்ட," என்றேன் மனைவியிடம். அவள் மிகச் சந்தோஷமாக மொழிபெயர்த்தாள்.

சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். தரையிலிருந்து ஒட்டகச்சிவிங்கியின் கை வரை அளந்தேன். நூற்றுப் பதினேழு. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினேன். நூற்றிருபது என்று எழுதி வைத்துவிட்டு நூற்றுப் பதினேழில் கை! மூன்று சென்டிமீட்டர் மோசடி! வரிசையில் இரண்டு அப்பாக்கள் என் பக்கம் நகர்ந்து வந்தார்கள். அந்த நிமிடம் நான் பெரிய ஆளாக இருந்தேன்.

மஞ்சள் சட்டைப் பெண் உள்ளே போய் ஒரு மேற்பார்வையாளரைக் கூட்டி வந்தாள். அவர் கையில் இரும்பு டேப். ஒட்டகச்சிவிங்கியை அளந்தார்: நூற்றிருபது. பிறகு என் டேப்பை மரியாதையாக வாங்கித் தன் டேப்புக்குப் பக்கத்தில் தரையில் நீட்டி வைத்தார். என் நூற்றுப் பதினேழும் அவருடைய நூற்றிருபதும் அக்கம்பக்கத்தில் படுத்திருந்தன.

துணி டேப் இழுக்க இழுக்க நீளும். பதினான்கு வருடமாக என் டேப் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. உடம்பையும் துணியையும் ஒரே டேப்பால் அளக்கிறவரைக்கும் எந்தப் பொய்யும் வெளியே வராது.

இரண்டு அப்பாக்களும் அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

"வாங்க," என்றாள் மனைவி. "நான் பாதி டிக்கெட் எடுக்கவே இல்ல."

"எடுக்கலையா?"

"போன மாசமே பள்ளிக்கூடத்துல அளந்தாங்க. நூத்தி இருபத்தொண்ணரை. கார்டுல எழுதினதே நான்தான்."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பாட்டுக்கு அளந்துக்கிட்டிருந்தீங்க. உங்களை நான் என்னைக்கு நிறுத்தியிருக்கேன்?"

"மூணு முழு டிக்கெட்டா?" என்றேன். "நான் சொன்ன தொகை?"

"அதைவிடக் குறைச்சல். முழு டிக்கெட் ரெண்டுதான். மூணாவது, சவாரி இல்லாத டிக்கெட். உள்ள வரலாம், பையைப் பார்த்துக்கலாம், எதுலயும் ஏற முடியாது. கால் விலை."

கயிற்றில் கோத்த ஒரு சாம்பல் நிற அட்டையைப் பையிலிருந்து எடுத்தாள். என் வயிற்றில் பால் வார்த்தாள். அவமானம், டேப், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் மறந்துபோயிற்று. இந்த உலகத்தில் எனக்கென்றே ஒரு டிக்கெட் அச்சடித்திருக்கிறார்கள்! முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

"எனக்கும் அந்த ரயில்ல ஏறணும்னு ரொம்ப ஆசைதான். என்ன செய்ய? குடும்பம்னு வந்தா யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்," என்று கையை நீட்டினேன்.

"அதான் விட்டுக்கொடுத்துட்டேன்," என்று சொல்லி அட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ரயில் நிலையம் முப்பது படிக்கு மேலே இருந்தது. அங்கிருந்து அலறல் சத்தம் அலை அலையாக வந்துகொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, உங்க கை ஏன் ஈரமா இருக்கு?"

"வெயில்."

நான் முதல் படியில் கால் வைத்தேன். முழங்கால்கள் தனித்தனியாக முடிவெடுக்க ஆரம்பித்தன. திரும்பினேன்.

"எனக்குக் கழுத்து வலி இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

அவள் என் சட்டைப் பையிலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இத்தனை வருஷம் நான் ஏற, நீங்க கீழ நின்னு ஸ்டூலைப் பிடிச்சீங்க. இன்னைக்கு ஒரு நாள் நான் பிடிச்சுக்கறேன். ஏறுங்க."