கறி தீர்ந்த பிறகு கூப்பிடப்பட்ட சிலிண்டர்

துபாயில், தேராப் பக்கம் கால்பந்து விளையாடிய எங்கள் ஊர்க்காரர்களிலேயே வெறும் சோறு அதிகம் தின்றவன் சிலிண்டர்தான். அவன் ஆட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இதில் மட்டும் என்னோடு யாரும் வாதாட முடியாது. ஆக்கிப் போட்டவள் நான்.

அப்போது எங்கள் ஃபிளாட்டில் ஊர்ப் பையன்களுக்கு மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஹாலில் சஹன் வைப்பேன். சஹன் என்றால் பெரிய தட்டு. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். சாயங்கால ஆட்டத்துக்கு ஆள் எடுப்பதும் அங்கேதான். கேப்டன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். கூப்பிடப்பட்டவன் வந்து சஹனில் கை வைத்துவிடுவான். முதலில் வந்தவனுக்கு நல்லி எலும்பு. கடைசியில் வந்தவனுக்குச் சோற்றில் கறி இருந்த பள்ளம்.

ஆடத் தெரிந்தவனை முதலில் கூப்பிடுவார்கள் என்று நினைப்பீர்கள். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் கூப்பிடுவது கார் வைத்திருப்பவனை. மைதானம் வெகுதூரம், அவன்தான் மற்றவர்களை ஏற்றிப் போக வேண்டும். அடுத்தது ஜெர்சி எடுத்துக் கொடுப்பவன். அதற்கடுத்தது கார்க்காரனின் மச்சான். பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒருவன், வண்டியில் ஏசி நன்றாக வேலை செய்ததால் வருஷக்கணக்கில் நல்லி உறிஞ்சினான்.

சிலிண்டருக்குச் சைக்கிள்கூடக் கிடையாது. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றி மாடி ஏறுவது அவன் டியூட்டி. பேரும் அப்படி வந்ததுதான். ஆட்டத்தில் அவன் வேலை தடுப்பது. எதிராளி பந்தோடு பாய்ந்து வந்தால் முதலில், "அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா" என்பான். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் ஓட முடியுமா? வந்தவன் பதில் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் பந்து இவன் காலில் இருக்கும். ஃபவுல் என்று நடுவரிடம் முறையிட்டார்கள். நடுவரும் நம் ஆள்தான். ஸலாமை ஃபவுல் என்று அவர் எந்த வாயால் சொல்வார்?

இன்னொரு கிறுக்கும் உண்டு. நடுக்கோட்டைத் தாண்ட மாட்டான்.

"ஏன்டா, முன்னால போயி ஒரு கோல் அடிச்சாத்தான் என்ன?"

"அது நம்ம ஏரியா இல்ல ராத்தா. அங்க டெலிவரிக்கு வேற ஆளு." உடன்பிறந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவான்.

ஆட்டம் முடிந்து என் பாத்திரங்களை வீட்டில் கொண்டுவந்து வைக்கும்போது ஊருக்குப் போன் போடுவான். அவன் உம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பார், "எத்தனாவதாடா கூப்புட்டாங்க?"

"ரெண்டாவது உம்மா."

ஒருநாள் கேட்டேவிட்டேன். "பொய் சொல்றதுதான் சொல்ற, மொதல்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மொதல்னா உம்மா நம்பாது ராத்தா. ரெண்டுன்னா நம்பும்."

ஒரு வாரமாவது அந்தப் பொய் நிஜமாக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை. கேப்டன் வாயைத் திறக்கும்போதெல்லாம் எழுந்திருக்கத் தயாராக ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருப்பான், அதில் எனக்குத் தெரியும்.

பிறகு அவன் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். விசா கேன்சல். ஊருக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பக்கத்து ஊர்க்காரர்களின் டீமோடு பெரிய ஆட்டம். எங்கள் கேப்டன் அத்தர்க்கடை மருமகன். அவனே என் எதிரில் சொன்னான், "இந்தத் தடவ மொதல் ஆளு நீதான்டா. உம்மாட்ட சொல்லிரு." இவனும் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்து சஹனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அந்த வாரம் பார்த்து ஒருவன் ஒன்பது பேர் உட்காரும் புது வண்டி வாங்கியிருந்தான். கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு வண்டிக்காரனைக் கூப்பிட்டான். அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். சிலிண்டர் பேர் வரும்போது பள்ளம்தான் மிச்சம்.

அகப்பையோடு அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். "வண்டியா பந்தத் தடுக்கப் போவுது?"

"வண்டி இல்லாம கிரவுண்டுக்கு எப்படிப் போறது மாமி?" என்றான் கேப்டன்.

"அவன் வாராவாரம் மெட்ரோவுல எறங்கி நடந்து, உங்களுக்கு முன்னால போயி நிக்கிறானே?"

எல்லோரும் சிரித்தார்கள். சிலிண்டர் ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு ராத்தா" என்றான்.

அன்று கேப்டனும் பெரிய ஆட்டக்காரர்களும் புது வண்டியில் ஏறினார்கள். ஆட்டம் முடிந்து தின்ன நான் ஆக்கிய பிரியாணிச் சட்டியும் நானும் மற்றவர்களும் பழைய வண்டியில். சிலிண்டர் வழக்கம்போல மெட்ரோவில். துபாய் ரோட்டில் ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டால் திரும்புகிற இடம் அடுத்த எமிரேட்டில்தான் வரும். புது வண்டிக்காரன் தவறவிட்டான். ஆள் குறைவாகவே ஆட்டம் தொடங்கியது. பாதி ஆட்டம் வரைக்கும் எங்கள் பக்கம் ஒரு கோல் விழவில்லை. சிலிண்டர் சொன்ன ஸலாமில் எதிர் டீமுக்குப் பதில் சொல்லியே வாய் வறண்டுபோயிருக்கும்.

அப்போதுதான் புது வண்டி வந்து சேர்ந்தது. கேப்டன் இறங்கிய கையோடு, "நீ ரெஸ்ட் எடுத்துக்கடா" என்று சிலிண்டரை வெளியே கூப்பிட்டு, அவன் இடத்தில் வண்டிக்காரனை இறக்கினான். புது வண்டிக்கு அந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி? சாவி தொலையக்கூடாது என்று சிலிண்டர் கையில் கொடுத்தார்கள். அவன் கோட்டோரம் உட்கார்ந்து, உள்ளங்கையில் சாவியை வைத்துக்கொண்டு, மூன்று கோல் விழுவதைப் பார்த்தான். அந்தச் சாவியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று எனக்கு இருந்தது.

போன் வந்தது. "மொதல் இல்ல உம்மா," என்றான். "ரெண்டாவது."

போன மாதம் ஷார்ஜாவில் ஒரு கல்யாண விருந்து. கேப்டனுக்கு இப்போது முட்டி ஆபரேஷன் ஆகி நாற்காலியில்தான் சாப்பாடு. இளவட்டங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு பெருந்தன்மை காட்டினான். "சிலிண்டர நாலாவதாவாச்சும் கூப்புட்டிருக்கணும்." இன்னொருவன் மூன்றாவது என்றான். ஏலம் நடந்தது, ஏலப் பொருள் கைவிட்டுப் போன பிறகு. கூப்பிட வேண்டிய காலத்தில் இந்த வாய்களில் எல்லாம் நல்லி எலும்பு இருந்தது.

"நீங்க சொல்லுங்க மாமி" என்றான் கேப்டன்.

"ரெண்டாவது" என்றேன். யாரும் மறுக்கவில்லை. தலையைக்கூட ஆட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து ஊருக்குப் போன் போட்டு அவனிடம் சொன்னேன். "அப்ப மொதல்ல யாரு ராத்தா?" என்றான்.

நான் யார் பேரையும் சொல்லவில்லை. அந்த முதல் இடத்தில் அவனைத் தவிர வேறு யாரையும் நான் உட்கார வைக்கவில்லை. முதல் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்தவனே அவன்தானே.