ஹென்னிங்கைத் திரும்ப அழைத்துக்கொள்வது தொடர்பாக

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

சப்தர்ஷி உங்கள் காலைத் தொட்டு எழுதிக்கொள்வது. டென்மார்க்கில் நீங்களும் மாமியும் சளி, இருமல், மூட்டு வலி எதுவும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம் என்றும் எழுதச் சொன்னாள். அது பொய், ஆகவே எழுதவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அப்பா மறுபடியும் குளிக்கிறார். வீட்டில் சண்டை வந்தால் அவர் குளிக்கப் போய்விடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். அடுப்படியில் ஒரு கல்யாணத்துக்குப் போதுமான சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஹென்னிங், எங்கள் வெண்கலத் தட்டோடு ஷியாம்பஜாரில் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறார். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீங்கள் "ஆமாமா, பாத்துக்கோ" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் மின்னஞ்சல். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

நல்ல மனிதர், ஒரு தொந்தரவும் இருக்காது, ஊரைச் சுற்றிக் காட்டினால் போதும் என்றீர்கள். ஜூன் மாதத்தில் கல்கத்தாவைச் சுற்றிப் பார்க்க ஒருவரை அனுப்பலாமா என்று அப்போதே கேட்டேன். மாம்பழக் காலம் என்றீர்கள். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு மாம்பழம் மட்டும் நினைவில் நிற்கிறது, வேர்வை மறந்துவிடுகிறது. நான் லிப்ட் பராமரிப்பவன் மாமா. பழுது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம். இவரிடம் பழுதே இல்லை, அதுதான் என் கஷ்டம். வெயில் நன்றாக இருக்கிறது என்கிறார், மழை நன்றாக இருக்கிறது என்கிறார், டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தால் "இவர் எல்லாரிடமும் பேசிக்கொண்டே ஓட்டுகிறார், எவ்வளவு அன்பு" என்கிறார். அந்த டாக்சிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை.

விக்டோரியா நினைவு மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். கட்டடத்தைப் பார்க்க வந்த கூட்டம் இவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பர்தமானிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கள் கைக்குழந்தையை இவர் கையில் கொடுத்து, தாத்தா முதல் பேத்தி வரை வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. குழந்தை அவர் சட்டையை நனைத்தது. அன்று முழுக்க அந்தச் சட்டையோடுதான் திரிந்தார், மாற்றமாட்டேன் என்றார். மண்டபத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. மறுநாள் ஹவுரா பாலம். நட்டு, போல்ட்டு இல்லாமல் அவ்வளவு இரும்பையும் ரிவெட் ஆணி அறைந்தே கட்டியிருக்கிறார்கள், நான் படித்த காலத்திலிருந்து யாருக்காவது விளக்கவேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த விஷயம், தொண்டை வறள விளக்கினேன். அவர் என்னைத் தாண்டி, தலையில் மர பீரோவைச் சுமந்துகொண்டு போகும் ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சப்தர்ஷி, அவருக்கு மூக்கு அரிச்சா என்ன பண்ணுவார்?" பாலத்தைப் பற்றிக் கேள்வி இல்லை.

அப்புறம் வயிறு. சந்து முனையில் பானிபூரி சாப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், நான் வேலைக்குப் போனதும் போய்ச் சாப்பிட்டுவிட்டார். நம் சந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மனிதன் செத்தால்கூட "கடைசியா ஜீரணம் எப்படி இருந்தது?" என்று கேட்கிறவர்கள். காலையில் இவர் படியிறங்கினால் இந்தப் பக்கத்து மாடியிலிருந்து ஒருத்தர், அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து ஒருத்தர், வெள்ளைக்காரர் என்பதால் "சாயேப், வயிறு எப்படி?" இவரும் நின்று நிதானமாக, எத்தனை தடவை, எப்படிப் போனது என்பதுவரை பதில் சொல்கிறார். நான் அதை மொழிபெயர்த்து ஜன்னல் ஜன்னலாகக் கத்தவேண்டும். "இதுக்குத்தான் உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சேனா?" என்று அப்பாவே கேட்டார். ஓமத் தண்ணீர், ஹோமியோபதி உருண்டை, பப்பாளிக்காய்க் குழம்பு என்று சந்தே மருந்து கொண்டுவந்து கொடுத்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டார். "எங்க ஊர்ல இத்தனை வருஷத்துல என் வயித்தைப் பத்தி ஒருத்தர்கூட விசாரிச்சதில்ல" என்றார். வேலைக்குக் கிளம்பவேண்டும் என்றேன். நானும் வருகிறேன் என்று கூடவே வந்துவிட்டார். பாலிகஞ்சில் ஓர் அடுக்குமாடியில் லிப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுபோய், உள்ளே ஒரு கணவன் மனைவி. நான் உயிரைக் கொடுத்து மேலே ஏறிக் கோளாறைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவர் கதவு இடுக்கு வழியாக அவர்களோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். லிப்டை இறக்கிக் கதவைத் திறந்தால் இரண்டு பேரும் வெளியே வரவில்லை. "தம்பி, பொண்ணுக்கு வரன் பாத்த கதை பாதியில நிக்குது. கொஞ்சம் கழிச்சு ரிப்பேர் பண்ணியிருக்கலாமே" என்று அந்த அம்மாள் என்னைக் கோபித்துக்கொண்டார்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இன்றைக்கு நடந்ததுதான் பொறுக்க முடியாதது. இன்று மாப்பிள்ளைச் சஷ்டி, மாமியார் தன் கையால் சமைத்து மாப்பிள்ளைக்கு விருந்து போடுகிற நாள். அங்கே இருந்துகொண்டு நீங்கள் மறந்திருக்கலாம், நம் வீட்டில் மறக்க முடியாது. புதுல் அக்கா இந்த வீட்டு வாசல்படி மிதித்து ஒரு வருஷம் ஆகிறது. போன சஷ்டியன்று அம்மாவுக்குக் கை சுளுக்கு, ஆட்டுக்கறியை மட்டும் கடையில் வாங்கிக் கிண்ணம் மாற்றி வைத்தாள். ஹிமாத்ரி அத்தான் சரித்திர வாத்தியார், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யார் யாருக்குத் துரோகம் செய்தான் என்று தேதியோடு சொல்கிறவர். ஒரு வாய் வைத்ததும் கையைக் கழுவிவிட்டார். "மாமியார் சமைக்கலன்னா சொல்லியிருக்கலாம், நான் வீட்லயே சாப்பிட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, தயிரைக்கூடத் தொடாமல் பெஹாலாவில் தன் வீட்டுக்குப் போனவர்தான். அக்காவை வரக்கூடாது என்று அவர் தடுக்கவில்லை. "அவர் வராத வீட்டுக்கு நான் மட்டும் எந்த முகத்தோட வர்றது?" என்று அவள்தான் வரவில்லை. அம்மா போனில் அழுவதும், அக்கா போனில் அழுவதும், நடுவில் நான் ரீசார்ஜ் செய்வதுமாக வருஷம் போயிற்று. இந்த வருஷம் அப்பா நேரில் போய்க் கூப்பிட்டார். "பாக்கலாம்" என்றாராம் அத்தான். இன்று சரியாக வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள்.

விடிவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்தாள். ஆட்டுக்கறி, கடுகு அரைத்து விட்ட ஹில்சா மீன், மாப்பிள்ளைக்கென்றே என் ஹெல்மெட் அளவுக்கு ஒரு கட்லா மீன் தலை, லிச்சி, மாம்பழம், தயிர், எல்லாம் அவள் கையால். வாசலில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளை தாண்டிற்று. அத்தான் போன் எடுக்கவில்லை. அம்மா பனையோலை விசிறியை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத ஆசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பார்த்து உங்கள் ஹென்னிங் படியிறங்கி வந்தார்.

"அம்மா ஏன் அழறாங்க?"

"மாப்பிள்ளை வரல" என்றேன்.

மாப்பிள்ளைக்கு இவ்வளவு சாப்பாடா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவரோட மாமியார் என்ன செஞ்சு போடுவாங்களாம், கேளு" என்றாள். கேட்டேன்.

"வேகவச்ச உருளைக்கிழங்கு. தோலை நான்தான் உரிக்கணும். இப்ப அதுவும் இல்ல, விவாகரத்து ஆயிடுச்சு."

மொழிபெயர்த்தேன். இந்த ஒரு வாக்கியத்தையாவது மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம்.

"ஐயோ பாவம். உக்காரச் சொல்லு அவரை."

"அம்மா, அது அத்தானோட இடம்."

"எழுதி வாங்கியிருக்காரா? ஆறிப்போற சாப்பாட்டை வச்சுக்கிட்டு நான் எத்தனை நேரம் காவல் காக்கறது? பசிச்ச வாய்க்குப் போகட்டும்."

உட்காரவைத்தாள். நெற்றியில் தயிர்ப் பொட்டு, மணிக்கட்டில் மஞ்சள் நூல், பக்கத்தில் உட்கார்ந்து விசிறல், ஒன்றும் குறையவில்லை. கட்லாத் தலை அவர் முன்னால். அவர் அதைத் தொடவில்லை, அது தன்னையே முறைப்பதாகச் சொன்னார். ஹில்சாவைப் பெரிய துண்டாக எடுத்து வாய் நிறையப் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் வாசல் கதவு திறந்தது. மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பாவில் ஹிமாத்ரி அத்தான், கையில் இனிப்புச் சட்டி, அக்குளில் அம்மாவுக்குப் புடவைப் பொட்டலம். பின்னால் புதுல் அக்கா.

அத்தான் ஆசனத்தைப் பார்த்தார், மீன் தலையைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, மிகவும் சாந்தமாகச் சொன்னார். "புதுல், உங்க வீட்ல வேற மாப்பிள்ளை பாத்துட்டாங்கன்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அம்மா கையிலிருந்த விசிறி விழுந்தது. நான்தான் வாயைத் திறந்தேன். "அத்தான், நீங்க லேட்டு." உண்மையைத்தான் சொன்னேன். உண்மை நிலைமையைச் சரிசெய்யவில்லை. அவர் இனிப்புச் சட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அக்கா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், அவளும் பின்னாலேயே போனாள். ஹென்னிங் வாய் நிறைய மீனோடு என்னைப் பார்த்தார். மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிட்டேன். "நீங்க உக்காந்திருக்கறது அவர் இடம். அந்தத் தலை அவருக்கு." உடனே தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நெற்றியில் பொட்டு, கையில் நூல், காலில் செருப்பில்லை, தட்டில் சோறும் கட்லாத் தலையும், அப்படியே சந்தில் ஓடினார். பின்னால் ஒரு பூனை ஓடியது. அத்தனை ஜன்னலும் திறந்துகொண்டது. ஒருவரும் திரும்பி வரவில்லை. எச்சில் தட்டை நீட்டி மன்னிப்புக் கேட்டால் அத்தான் இந்த ஜன்மத்தில் நம் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா?

ஆகவே மாமா, நேரடியாகக் கேட்கிறேன். கிடைக்கிற முதல் விமானத்தில் ஹென்னிங்கைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். இனி அந்த நாட்டிலிருந்து யாரையும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எங்கள் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கெட்டவராக இருந்தால் விடுதியில் விட்டிருப்போம், ஒரு குடும்பம் உடைந்திருக்காது. மாமிக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசி, அவர்கள் என்னைவிட உயரமாகிவிட்டாலும் சரி. உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ஜீரணத்தை. இதையும் அம்மாதான் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
களைத்துப்போன உங்கள் மருமகன்
சப்தர்ஷி

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்குள் வாசலில் சத்தம் கேட்டது, மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஹென்னிங் சந்து முனை இனிப்புக் கடையருகே அவர்களைப் பிடித்துவிட்டாராம். தட்டை நீட்டியிருக்கிறார். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனவருக்கு ஹில்சா முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. அத்தானுக்கு அவமானம் ஒரு பக்கம், வங்காளி ஒருத்தர் கண்ணெதிரே ஒரு மனிதன் ஹில்சா முள்ளில் சாவதா என்பது இன்னொரு பக்கம். "எந்த மடையன் இவர்கிட்ட முள்ளோட மீனைக் கொடுத்தது?" என்று கத்திக்கொண்டே, அந்தத் தட்டிலிருந்தே சோற்றை அள்ளி, உருட்டி, அவர் வாயில் திணித்து, "மெல்லாதீங்க, அப்படியே முழுங்குங்க" என்று முதுகில் ஓர் அறை விட்டிருக்கிறார். இரண்டாவது உருண்டையில் முள் இறங்கிவிட்டது. கடைக்காரர்கள் கைதட்டினார்களாம்.

அப்போதுதான் அக்கா சொல்லியிருக்கிறாள். "சஷ்டி அன்னிக்கு அம்மா போட்ட சோத்துல கை நனைச்சுட்டீங்க. இனிமே வீட்டுக்கு வராம எங்க போறது?" அத்தான் தன் கையைப் பார்த்தாராம். சரித்திரத்தில் இதற்கு முன்மாதிரி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது, வந்துவிட்டார். கட்லாத் தலையை, தட்டைக் கடைப் பெஞ்சில் வைத்த நேரத்தில் பூனை கொண்டுபோய்விட்டது. ஆகவே இந்த வருஷம் யாருக்கு மரியாதை அதிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தான் ஹில்சாவிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மீனை இவர் தட்டில் வைக்கிறார், பிளாசிப் போரை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டே. இவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிறார். அத்தானின் வாழ்க்கையில் இப்படி ஒருவர் கிடைத்ததே இல்லை என்று அக்கா சமையலறைக்குப் போகிறபோது சொன்னாள். அம்மாவும் அவளும் உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள். ஆட்டுக்கறியில் மூன்றாவது கரண்டி வாங்கிக்கொண்டபோது அத்தான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அடுத்த வருஷம் சாயேப் வந்தா நானும் வர்றேன். அவர் இல்லாத பந்தியில எனக்கு வேலையில்ல."

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்துகொள்ளவும். விமானம் வேண்டாம். அடுத்த ஜூனுக்கும், அதற்கடுத்த ஜூனுக்கும் ஹென்னிங்கைக் கட்டாயம் அனுப்பிவைக்கவும். நடுவில் அங்கே அவர் கல்யாணம் ஏதாவது செய்துகொண்டு, ஒழுங்காகச் சமைக்கிற மாமியாரிடம் போய்ச் சேர்ந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.